எண்ணெய் நகரில் ஓர் இளமை

ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தவரைப் பற்றிப் பேசும்போது, அவருடைய குடிப்பிறப்பையும், பயின்ற கல்லூரியையும், வகித்த பதவிகளையும் வரிசையாகச் சொல்வது நம் வழக்கம். அவர் எந்தத் தெருவில் ஓடி விளையாடினார், எந்தத் தொழிலைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தார், துயரம் என்பதை முதன்முதலில் எந்த வீட்டில் அறிந்தார் என்று நாம் அதிகமாகக் கேட்பதில்லை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்ட நம் முன்னோர், ஐந்தாம் வயதின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தனர். அப்பழமொழியை மனத்தில் கொண்டு, எண்ணெயினால் வளர்ந்த ஓர் ஊரையும், அவ்வூரில் ஒன்பது ஆண்டுக் காலம் சிறுவனாக வாழ்ந்த ஒருவரையும் காண்போம். ஊர், டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள மிட்லண்டு. சிறுவர், 2001 முதல் 2009 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 43ஆவது ஜனாதிபதியாக விளங்கிய ஜார்ஜ் வாக்கர் புஷ்.

மிட்லண்டு இருக்கும் நிலம் கண்ணுக்கு இனியதன்று. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில், மலையோ ஆறோ இன்றி, தட்டையாக விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளி அது. மரங்கள் அரிது, மழை அதனினும் அரிது. 1881ஆம் ஆண்டில் டெக்ஸாஸ்-பசிபிக் இருப்புப்பாதை அவ்வழியே சென்றது. போர்ட் வொர்த் நகருக்கும் எல் பாசோ நகருக்கும் நடுவழியில் இருந்தமையால், அங்கு அமைந்த நிலையத்திற்கு ‘மிட்வே’, அதாவது நடுவழி, என்று பெயரிட்டனர். 1884இல் அஞ்சல் நிலையம் வேண்டி விண்ணப்பித்தபோது, அதே பெயருடைய ஊர்கள் அம்மாநிலத்தில் வேறு இருந்தமையால், பெயர் ‘மிட்லண்டு’ என மாறிற்று. பெயர் மாறினும் தொழில் மாறவில்லை. கால்நடைப் பண்ணைக்காரர்கள் மாடுகளை இரயிலேற்றுவதற்கு வந்து போகும் சிற்றூராகவே அது நாற்பது ஆண்டுகள் இருந்தது.

அதன் செல்வம் மண்ணுக்கு அடியில் உறங்கிக் கொண்டிருந்தது. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அப்பகுதி முழுவதும் ஒரு கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, மேலே மேலே படிந்த பாறைகளின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. பெர்மியன் வடிநிலம் என்று நிலவியல் அறிஞர் குறிப்பிடும் பரப்பு இதுவே. 1923ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், ரீகன் வட்டாரத்தில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சொந்தமான தரிசு நிலத்தில், 3,000 அடிக்கும் கீழேயிருந்து எண்ணெய் பீறிட்டுக் கிளம்பியது. அக்கிணற்றின் பெயர் ‘சாந்தா ரீட்டா’. நியூயார்க்கைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்மணிகள் சிலர் அம்முயற்சியில் பணம் போட்டிருந்தனர். நடவாதவற்றையும் நடத்தித் தருபவர் என்று போற்றப்படும் புனிதரின் பெயரை அக்கிணற்றுக்குச் சூட்டி, அதன் துளைக்கோபுரத்தின் உச்சியிலிருந்து ரோஜா இதழ்களைத் தூவினார்கள். நடவாதது நடந்தது. அந்த நாள் முதல் மிட்லண்டின் விதியும் மாறியது.

ஊர் வளர்ந்த வேகத்தை மக்கள் தொகைக் கணக்கே சொல்லும். 1940இல் மிட்லண்டின் மக்கள் தொகை 9,352. 1950இல் அது 21,713 ஆயிற்று. 1960இல் 62,625. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு மடங்கு! இருபது மைலுக்கு மேற்கே உள்ள ஒடெசா என்னும் ஊரும் அதே வேகத்தில் வளர்ந்தது. ஆனால் இரண்டும் ஒரே தன்மையுடைய ஊர்கள் அல்ல. துளையிடும் தொழிலாளர், குழாய் பொருத்துவோர், லாரி ஓட்டுவோர், இயந்திரம் பழுது பார்ப்போர் ஆகியோர் ஒடெசாவில் குடியேறினர். நிலவியல் வல்லுநர், பொறியாளர், வழக்கறிஞர், வங்கியாளர், சொந்தமாக எண்ணெய் தேடும் சிறு முதலாளிகள் ஆகியோர் மிட்லண்டில் குடியேறினர். 1950ஆம் ஆண்டளவில் இருநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கம்பெனிகளின் அலுவலகங்கள் மிட்லண்டில் இருந்தன. ‘குடும்பம் வளர்க்க மிட்லண்டு, கும்மாளம் போட ஒடெசா’ என்னும் பொருள்பட அப்பகுதியில் வழங்கும் வேடிக்கைப் பேச்சு, இரண்டு ஊர்களின் வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது.

இனி, புஷ் குடும்பம் அங்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். சிறுவரின் தந்தையாரும் ஜார்ஜ் புஷ் என்ற பெயரினரே. அவர் பின்னாளில், 1989 முதல் 1993 வரை, 41ஆவது ஜனாதிபதியாக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாகப் பணியாற்றி, பசிபிக் கடலின்மீது சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் தப்பியவர். போருக்குப்பின் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு அவர் மாணவராக இருந்தபோது, 1946ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் மூத்த மகன் பிறந்தான். 1948இல் பட்டம் பெற்றதும், செல்வம் மிக்க கிழக்குக் கரையில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விட்டு, சிவப்பு நிற ஸ்டூடிபேக்கர் காரில் அவர் டெக்ஸாஸை நோக்கிப் புறப்பட்டார். மனைவி பார்பராவும் இரண்டு வயதுக் குழந்தையும் சில நாள் கழித்து விமானத்தில் வந்து சேர்ந்தனர்.

முதலில் அவர்கள் குடியிருந்தது ஒடெசாவில். எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளை விற்கும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் தந்தைக்கு வேலை. தரையைப் பெருக்குவதும், இயந்திரங்களுக்கு வண்ணம் பூசுவதும், கணக்கு எழுதுவதும் அவர் கடமைகள். குடியிருந்த வீடு இரண்டாகத் தடுக்கப்பட்ட சிறு வீடு. குளியலறையை அடுத்த பகுதியில் இருந்தவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 1949இல் கம்பெனி அவரைக் கலிபோர்னியாவுக்கு மாற்றியது. ஓராண்டிற்குள் பல ஊர்களில் குடியிருந்தனர். அங்கேதான் அவ்வாண்டு டிசம்பரில் ராபின் என்னும் பெண் குழந்தை பிறந்தாள். 1950இல் குடும்பம் மீண்டும் மேற்கு டெக்ஸாஸுக்கு வந்து மிட்லண்டில் குடியேறியது. ஒரே வரைபடத்தில் நெருக்கமாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பளிச்சிடும் வண்ணம் அடித்திருந்த வீட்டு வரிசையில் அவர்கள் முதல் வீட்டை வாங்கினர். ஊரார் அத்தெருவை ‘ஈஸ்டர் முட்டை வரிசை’ என்று அழைத்தனர். 1951இல் ஒஹையோ அவென்யூவில் 1412ஆம் எண் வீட்டிற்கு மாறி, 1955 வரை அங்கு வாழ்ந்தனர்.

அவ்வூரின் தொழில் எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தால்தான் அவ்வூர்ப் பிள்ளைகளின் மனப்போக்கு விளங்கும். நம் நாட்டில் மண்ணுக்கு அடியிலுள்ள பெட்ரோலியம் அரசுக்கு உரியது. டெக்ஸாஸில் அவ்வாறன்று. அங்கு நிலத்தின் மேற்பரப்பைப் போலவே, அதன் அடியிலுள்ள எண்ணெயும் தனியாருக்கு உரிய சொத்து. நிலத்தை ஒருவர் வைத்துக்கொண்டு, எண்ணெய் உரிமையை மற்றொருவருக்கு விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். ஆகவே எண்ணெய் தேடுவோர் முதலில் வட்டார நீதிமன்றத்திற்குச் சென்று பத்திரங்களைப் புரட்டி, எந்த உரிமை எவரிடம் உள்ளது என்று கண்டறிவர். பின்பு பண்ணைக்காரரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேரம் பேசுவர். ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பணம். எண்ணெய் கிடைத்தால் அதில் வழக்கமாக எட்டில் ஒரு பங்கு நிலத்தவருக்கு. கிடைக்காவிடில் துளையிட்ட செலவு அத்தனையும் போட்டவரின் தலையில் விழும். பாறையை அறிந்த வல்லுநர் எவ்வளவு சொன்னாலும், துளைக்கருவி அடியைத் தொடும் வரையில் எவருக்கும் உறுதியில்லை. நம் ஊரில் வானம் பார்த்த பூமியில் கடன் வாங்கிக் கிணறு வெட்டுபவர், ஒவ்வொரு முழமும் இறங்கும்போது கொள்ளும் ஏக்கம் இருக்கிறதே, அதையே ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய உரிமைகளை வாங்கி விற்கும் தொழிலில், அண்டை வீட்டுக்காரரான ஜான் ஓவர்பி என்பவரோடு சேர்ந்து தந்தை புஷ் ஈடுபட்டார். 1953இல் லீட்கே சகோதரர்களுடன் கூடி ஒரு கம்பெனியைத் தொடங்கினார். மெக்சிகோப் புரட்சி வீரர் ஜபாத்தாவைப் பற்றிய திரைப்படம் அந்நாளில் புகழ் பெற்றிருந்தது. அப்பெயரையே கம்பெனிக்கு வைத்தனர். கோக் வட்டாரத்தில் ஓர் எண்ணெய் வயலில் கைப்பணத்தின் பெரும்பகுதியையும் துணிந்து போட்டனர். அங்கே தோண்டிய நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கிணறுகளில் ஒன்று கூட வறண்டதாக இல்லை. இதனை அறிவு என்பதா, துணிவு என்பதா, நற்பேறு என்பதா? மூன்றும் கலந்தது என்பதே சரி. ஆனால் வென்றவர் பெரும்பாலும் முதல் இரண்டையே நினைவில் வைத்துக்கொள்வது மனித இயல்பு.

இச்சூழலில் பிள்ளைகள் வளர்ந்தனர். 1950 முதல் 1957 வரை டெக்ஸாஸைக் கொடிய வறட்சி வாட்டிய காலம் அது. வானமே செந்நிறமாகும்படி புழுதிப் புயல் வீசும். காய்ந்த முட்செடிகள் பந்து போல் உருண்டு தெருவிலே ஓடும். ஊருக்கு வெளியே, நம் கழனிகளில் ஏற்றம் இறைப்பது போல, இரவு பகல் ஓயாமல் தலை தாழ்த்தியும் நிமிர்த்தியும் எண்ணெய் இறைக்கும் பொறிகள் அசைந்து கொண்டிருக்கும். பிள்ளைகள் மிதிவண்டியில் ஊர் முழுவதும் சுற்றினர். வீட்டுக் கதவுகளைப் பூட்டும் வழக்கம் அரிது. ஞாயிறன்று தேவாலயம், வெள்ளியன்று உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துப் போட்டி, கோடையில் பேஸ்பால். இளம் புஷ்ஷுக்குப் பேஸ்பாலே உயிர். புகழ் பெற்ற ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை அவர்களுக்கே அஞ்சலில் அனுப்பிக் கையொப்பம் பெற்றுச் சேர்ப்பதில் அவருக்குத் தனி ஆர்வம். சாம் ஹூஸ்டன் தொடக்கப் பள்ளியில் படித்த நாளில், முகத்தில் மையினால் மீசை வரைந்துகொண்டு வகுப்பைச் சிரிக்கவைத்து, தலைமையாசிரியரிடம் அடி வாங்கியதும் உண்டு. பிறரைச் சிரிக்க வைக்கும் அப்பழக்கம் வெறும் குறும்பு அன்று என்பதை அவ்வீட்டில் நேர்ந்த ஒரு துயரத்தை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி ஜெப் பிறந்தான். சில வாரங்களில் மூன்று வயது ராபின் சோர்ந்து படுத்தாள். விளையாடப் போகாமல் கிடந்த குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். இரத்தப் புற்று என்று தெரிந்தது. அந்நாளில் அந்நோய்க்கு ஆளான குழந்தை பிழைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். வீட்டிலேயே வைத்திருந்து அமைதியாக வழியனுப்புங்கள் என்று மிட்லண்டு மருத்துவர் சொன்னார். பெற்றோர் அதை ஏற்காமல் நியூயார்க்கிலுள்ள சிறந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஏழு மாதப் போராட்டத்தின்பின், அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள், நான்காவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கையில், ராபின் இறந்தாள்.

தங்கை நோயுற்றிருக்கிறாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவள் பிழைக்கமாட்டாள் என்பதை எவரும் சொல்லவில்லை. ஏழு வயதுச் சிறுவனின் தலையில் அவ்வளவு பெரிய சுமையை ஏற்ற வேண்டாம் என்று பெற்றோர் எண்ணினர். ஒரு நாள், பள்ளியிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியை மற்றொரு மாணவனோடு சேர்ந்து தலைமையாசிரியர் அறைக்குத் தூக்கிச் செல்கையில், வெளியே பெற்றோரின் கார் வந்து நிற்கக் கண்டார். பின் இருக்கையில் தங்கையின் தலை தெரிந்தது போன்று அவருக்குத் தோன்றியது. ஆசிரியரிடம் விடைபெற்று மகிழ்ச்சியோடு ஓடினார். பின் இருக்கை வெறுமையாக இருந்தது. செய்தியைக் காரிலேயே சொன்னார்கள்.

தாய் பார்பராவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அத்துயர ஆண்டில் அவர் தலைமுடி நரைக்கத் தொடங்கியது. கணவர் எண்ணெய் வேலையாக அடிக்கடி வெளியூர் சென்றுவிடுவார். மூத்த மகன் தாயின் அருகிலேயே இருந்து, வேடிக்கை பேசி, விளையாட்டுக் காட்டி, அவரைத் தேற்றத் தலைப்பட்டான். ஒரு நாள், விளையாட அழைத்த நண்பனிடம், தான் வர இயலாது என்றும் தன் தாயோடு இருக்க வேண்டும் என்றும் அவன் சொல்லியதைத் தாய் உள்ளேயிருந்து கேட்டார். மகனைத் தாம் தேற்றுவதாக அதுவரை எண்ணியிருந்தவருக்கு, மகனே தம்மைத் தேற்றிக் கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. இதனை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஒரு முறை, கால்பந்துப் போட்டியின் நடுவே, தான் ராபினாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றானாம் சிறுவன். உடன் இருந்தவர்கள் திடுக்கிட்டனர். தந்தை காரணம் கேட்டார். மேலேயிருந்து பார்ப்பவளுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும் என்பது மகனின் விடை.

மிட்லண்டின் நற்பண்புகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் உரை முழுமை பெறாது. உழைத்தால் எவரும் உயரலாம், வானமே எல்லை என்பது அவ்வூரின் முழக்கம். 2000ஆம் ஆண்டில் ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது புஷ் அதை நாடறிய எடுத்துரைத்தார். ஆனால் அவ்வானத்தின் கீழ் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. கறுப்பின மக்களின் பிள்ளைகள் தனிப் பள்ளியில் பயின்றனர். அவர்களுடைய குடியிருப்பும் வேறு பக்கத்தில் இருந்தது. துளைக்கோபுரத்தில் கைகால் இழக்கும் இடருக்கு நடுவே உழைத்தவர்கள் இருபது மைலுக்கு அப்பால் ஒடெசாவில் வாழ்ந்தனர். புஷ் குடும்பத்தாரின் துணிவும் முற்றிலும் வெறுங்கைத் துணிவு அன்று. தந்தைக்குக் கிடைத்த முதல் வேலை குடும்ப நண்பர் தந்தது. கம்பெனிக்கு வேண்டிய மூலதனத்தைக் கிழக்குக் கரையிலிருந்த தாய்மாமன் திரட்டிக் கொடுத்தார். சிறுவரின் பாட்டனார் பிரெஸ்காட் புஷ், 1952இல் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வறண்ட கிணறு வாய்த்தாலும் விழுந்து எழுவதற்கு வலையிருந்த குடும்பம் அது. ஊரின் முழக்கம் பொய்யன்று. எனினும் அது பாதி உண்மை. மறுபாதியைக் காணாமலேயே ஒரு பிள்ளை அங்கு மகிழ்ச்சியாக வளர இயலும் என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

சான் ஜாசின்டோ இடைநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இளம் புஷ் வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வென்ற முதல் தேர்தல் அதுவே எனலாம். அதே பள்ளியில் அதே வகுப்பில், ஊரில் வீடு கட்டி விற்கும் ஒருவரின் மகளான லாரா வெல்ஷும் படித்தார். அப்போது இருவருக்கும் நெருங்கிய பழக்கம் இல்லை. 1959இல், கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் தொழிலைத் தந்தை மேற்கொண்டமையால், குடும்பம் ஹூஸ்டன் நகருக்குச் சென்றது. பிறகு ஆண்டோவர், யேல், ஹார்வர்டு என்று கிழக்கின் பெரிய கல்விக்கூடங்கள். ஆயினும் 1975இல், எண்ணெய் விலை உயர்ந்திருந்த நேரத்தில், தந்தையைப் போலவே அவரும் மிட்லண்டுக்குத் திரும்பி, நீதிமன்றப் பத்திரங்களைப் புரட்டும் வேலையைத் தொடங்கினார். 1977இல் லாராவை அவ்வூர்த் தேவாலயத்திலேயே மணந்தார்.

தந்தைக்கு வாய்த்த நற்பேறு மகனுக்கு வாய்க்கவில்லை. 1978இல் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிட்டபோது, எதிர்த்து நின்ற கென்ட் ஹான்ஸ், இவர் கிழக்கத்தியப் பள்ளிகளில் படித்த வேற்றூரார் என்று எள்ளி வென்றார். மிட்லண்டில் வளர்ந்தவரை மேற்கு டெக்ஸாஸ் மக்களே அயலார் என்று தள்ளியது வியப்பான நிகழ்ச்சி. எண்ணெய்த் தொழிலிலும் வறண்ட கிணறுகளே மிகுந்தன. 1983இல் ஊரின் பெரிய வங்கி வீழ்ந்தது. 1986இல் எண்ணெயின் விலை பீப்பாய் பத்து டாலரளவுக்குச் சரிந்தது; ஊரில் பலர் வீடும் தொழிலும் இழந்தனர். புஷ்ஷின் கம்பெனி வேறொன்றோடு இணைக்கப்பட்டுக் கரையேறியது. அவ்வாண்டே அவர் மதுவை அறவே விட்டார். தோல்வியில் கற்ற பாடத்தோடு 1994இல் டெக்ஸாஸ் ஆளுநர் தேர்தலில் வென்றார். தமக்கும் தந்தைக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று கேட்டவர்களுக்கு, தந்தை கனெக்டிகட்டின் உயர்ந்த பள்ளியில் படித்தார், தாம் மிட்லண்டின் சான் ஜாசின்டோவில் படித்ததாக விடையளிப்பது அவர் வழக்கம்.

அவர் ஆட்சியைப் பற்றி, குறிப்பாக 2003இல் ஈராக்கின்மீது தொடுத்த போரைப் பற்றி, உலகம் கடுமையாகவே விவாதித்தது. அதன் விதையை ஒஹையோ அவென்யூவில் தேடுவது பொருத்தமாகாது. ஊர் ஒருவருக்கு இயல்பைத் தரும். முடிவுகளை அவரே எடுக்கிறார். முடிவுகளின் பொறுப்பும் அவருடையதே. ஆயினும் இயல்பை மிட்லண்டில் அடையாளம் காணலாம். அறியாத ஆழத்தில் துணிந்து இறங்குதல், நன்றே நடக்கும் என்று நம்புதல், தயங்கி நிற்பதைக் குறையாகக் கருதுதல் ஆகியவை எண்ணெய் தேடுவோரின் குணங்கள். அக்குணங்கள் ஒரு தனிமனிதரின் பணத்தோடு விளையாடும்போது, நட்டம் அவரோடு நிற்கும். ஒரு நாட்டின் தலைமையில் அமரும்போது, அதன் விலையை மற்றவர்களும் கொடுக்க நேரிடும். துயருற்றவர்முன் விரைந்து உள்ளம் திறக்கும் இயல்பும் அதே ஊரில், அதே வீட்டில் பிறந்ததுதான்.

2001 ஜனவரியில் பதவியேற்கச் செல்லுமுன் அவர் மிட்லண்டு மக்களிடம் விடைபெற்றார். 2009 ஜனவரியில் பதவி துறந்த அன்றே அங்கு திரும்பி வந்து நின்றார். ஒஹையோ அவென்யூ வீடு 2006 முதல் பொதுமக்கள் கண்டுசெல்லும் காட்சியகமாக உள்ளது. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் புதிய முறையால் பெர்மியன் வடிநிலம் இந்நூற்றாண்டில் மீண்டும் பெருவளம் கண்டு, அமெரிக்காவின் முதன்மையான எண்ணெய்ப் பரப்பாக விளங்குகிறது. பெற்றோர் இருவரும் 2018இல் காலமாகி, டெக்ஸாஸின் காலேஜ் ஸ்டேஷன் என்னும் ஊரில், மகள் ராபினின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

மண்ணுக்கு அடியில் எண்ணெய் உண்டா என்று அறிய அவ்வூரார் ஆயிரக்கணக்கான அடி தோண்டினர். ஒரு தலைவரை அறிய விரும்புவோரும் அவர் வகித்த பதவி என்னும் மேற்பரப்போடு நின்றுவிடாமல் சற்று ஆழ இறங்கிப் பார்ப்பது நன்று. அங்கே பல வேளைகளில் நாம் காண்பது ஒரு சிற்றூரையும், ஒரு பள்ளிக்கூடத்தையும், தாயின் கண்ணீரைத் துடைக்க முயலும் ஒரு குழந்தையையுமே.